லிப்ஸ்டிக் போட்ட சேற்றுக்காரி

காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் நர்சரிக்கார அண்ணன். ஆறே முக்காலுக்கே நர்சரி கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் கிடைத்தவள் மாதிரி ஒரு படபடப்பு. பார்க்கப் போவது எந்த நட்சத்திரத்தையும் இல்லை, ஒரு மரத்தை. அதுவும் பிறந்ததிலிருந்து ஹோட்டல் வாசலிலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் கல்யாண மேடை ஓரத்திலும் பார்த்துப் பார்த்து அலுத்திருக்க வேண்டிய மரத்தை.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூங்கில் மாதிரி மெலிந்த தண்டு, அதில் வளையம் வளையமாகக் கோடு, உச்சியில் தென்னங்கீற்றுக்குத் தங்கை போல ஓலை. ஓலைக்கும் தண்டுக்கும் நடுவே, யாரோ பிரஷ்ஷை எடுத்து அடித்துவிட்டுப் போனதுபோல் பளீரென்று ஒரு சிவப்பு. ஆங்கிலத்தில் லிப்ஸ்டிக் பாம் என்பார்கள். மலாயில் பினாங் ராஜா, பினாங் மேரா என்று இரண்டு பெயர். பினாங் என்றால் பாக்கு, பினாங்குத் தீவுக்குப் பெயர் கொடுத்த அதே பாக்கு. ராஜாவுக்கு விளக்கம் வேண்டாம். மேரா என்றால் சிவப்பு. கடித உறைமேல் உருக்கி ஊற்றி முத்திரை குத்துவார்களே, அந்த அரக்கை வைத்தும் ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அதனால் நான் பாட்டுக்கு 'அரக்குப்பனை' என்று அழைக்க ஆரம்பித்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அரக்குன்னா பட்டுப்புடவை கலருடி. இருட்டா இருக்கும். இது எங்க, அது எங்க?" புடவை விஷயத்தில் அம்மாவை எதிர்த்துப் பேசும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. 1838ல் ப்ளூமே என்ற தாவரவியலாளர் இதற்கு வைத்த பெயர் சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. அதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.

சுங்கை பூலோவில்தான் இந்த நர்சரி. கோலாலம்பூர்ப் பக்கம் செடி வாங்குகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. சாலையின் இரு பக்கமும் கடை கடையாகப் பச்சை. இந்தத் தோட்டங்கள் எப்படி வந்தன என்ற கதை மட்டும் பலருக்குத் தெரியாது. 1930ல் இந்தப் பள்ளத்தாக்கில் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பு திறந்தார்கள். டாக்டர் டிராவர்ஸ் என்பவர் முன்னின்று, சிறைபோல இல்லாமல் தோட்ட நகரம்போல அமைத்த இடம். நம் சித்த வைத்தியர்களுக்குத் தெரிந்த நீரடிமுத்து இருக்கிறதே, அந்த இனத்து மரங்களின் எண்ணெய்தான் அன்று மருந்து. பிற்காலத்தில் நல்ல மருந்துகள் வந்தன, நோய் குணமானது. வெளியே போனால் ஊர் ஏற்குமா என்ற தயக்கத்தில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிழைப்புக்குப் பூச்செடி வளர்த்தார்கள். இன்று நாம் பேரம் பேசி வாங்கிப்போகும் ரோஜாவுக்கும் போகன்வில்லாவுக்கும் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன. எனக்கு இந்தச் சாலையில் பேரம் பேச வாய் வருவதில்லை. ('நடிக்காத,' என்று அம்மா சொல்லும் சத்தம் கேட்கிறது.)

சரி, கேட் திறந்தாகிவிட்டது!

வாசல் பக்கம் எல்லாம் ஒழுங்கு. வரிசையாகப் பளபளத்த பீங்கான் தொட்டிகள், அவற்றில் குளித்து முடித்துத் தலை வாரிக்கொண்ட மாதிரி நிற்கும் செடிகள். எனக்கு அது வேண்டாம். அதற்குப் பின்னால் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கியது. அண்ணன் அதை ஒதுக்கிப் பிடித்து, "செருப்பக் கழட்டிட்டு பூட்ஸ் போட்டுக்க தங்கச்சி, உள்ள சேறு," என்றார். முப்பது வருஷமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறவர். முதலாளி சீனர், வயதானவர். காலையில் கோப்பியைக் குடித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். பின்பக்கத்து ராஜ்ஜியம் அண்ணனுடையது.

முதலில் காட்டியது ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஐஸ்கிரீம் வாங்கின டப்பாவேதான். மூடியைத் திறந்ததும் மழை பெய்த காட்டின் வாசம் குப்பென்று ஏறியது. ஈரமான தென்னை நார்த் தூளுக்குள் குண்டூசி குத்தினாற்போல் பச்சை முளைகள்.

"இதுங்களா?"

"இதுங்கதான்."

மரத்தின் பழம் பழுத்தால் கறுப்பு, அளவில் மிகச் சிறிது. காய்ந்த விதை வேலைக்கு ஆகாது. பறித்த சூட்டோடு ஊறவைத்துச் சதையைத் தேய்த்துக் கழுவி, ஈரம் குறையாமல் மூடிவைக்க வேண்டும். வெக்கையான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் கண் திறக்கும், சில விதை இன்னும் இழுத்தடிக்கும். அண்ணனுடைய டப்பாக்கள் எல்லாம் தகரக் கொட்டகையின் கூரைக்கு நேர்கீழே ஒரு பலகையில் அடுக்கியிருந்தன. நான் தலையைக் குனிந்து ஒவ்வொரு முளையாகத் தேடினேன். எல்லாம் பச்சை. பக்கத்துத் தட்டில் இரண்டு இலை விட்ட பிள்ளைகள், அவையும் பச்சை. அதற்கு அடுத்த வரிசையில் ஒன்றரை வயதுக்காரர்கள். அங்கேயும் காம்படியில் லேசான பழுப்பு ஓடியதோடு சரி.

"சிவப்பு எங்கண்ணே?"

"லிப்ஸ்டிக் போடுற வயசா இதுங்களுக்கு?"

சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. விதையிலிருந்து வரும் கன்று சில வருஷம் வளர்ந்த பிறகுதான் நிறம் காட்டத் தொடங்கும். எந்தச் சிவப்பு வரும் என்பதும் அதுவரை தெரியாது. ஒரே தாயின் விதையில் ஒன்று குங்குமமாக வரும், ஒன்று ஆரஞ்சாக நின்றுவிடும். கடைக்கு வரும்போது ஆள் உயரத்துக்குச் செக்கச்செவேலென்று நிற்கிறதே, அதன் விலையைக் கேட்டு நாம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறோமே, அந்த விலையில் பாதி இந்தக் காத்திருப்புக்கு.

காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இந்தப் பனை ஒற்றைக்கட்டை இல்லை, வாழையைப் போலப் பக்கக்கன்று விட்டுப் புதராக நிற்கும் குடும்பம். ஒரு கன்றைப் பிரித்து வைத்தால் தாயின் நிறம் அப்படியே வரும். கேட்க எளிது. அண்ணன் தலையை ஆட்டினார். நேராக வெட்டியெடுத்து வேறு தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் செத்துப்போகும். வேர் அவ்வளவு கோபக்காரி. அதனால் அவர் செய்வது வேறு. கன்றையும் தாயையும் இணைக்கும் இடத்தை மண்ணுக்கடியில் கூர்மையான கத்தியால் அறுத்துவிடுகிறார், ஆனால் கன்றை நகர்த்துவதில்லை. அதே தொட்டியில், அதே மண்ணில், தாய்க்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார். தாயிடமிருந்து சாப்பாடு நின்றுபோன கன்று வேறு வழியில்லாமல் சொந்த வேரை நம்பத் தொடங்கும். புது ஓலை ஒன்று விரிந்தபிறகுதான் தனித் தொட்டி.

"ஒரே வீடு, தனி அடுப்பு. கொஞ்ச நாள் அப்படி வெச்சுட்டுத் தனிக்குடித்தனம் அனுப்பணும்," என்றார். புதிதாக மருமகள் எடுத்திருக்கிறார் போலிருக்கிறது, கேட்கவில்லை.

அடுத்து அவர் காட்டியதில்தான் எனக்கு மயக்கமே வந்தது. பெரிய கறுப்புத் தொட்டிகள் வரிசையாக. அடியில் ஓட்டை இல்லை. உள்ளே சிறு தொட்டிகளில் அரக்குப்பனைகள், கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கின்றன. செடிக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று அம்மா, பாட்டி, வாட்ஸாப் எல்லோரும் நமக்குச் சொல்லித் தந்த பாடம் இந்த ஒரு ஆளிடம் செல்லாது.

ஏன் என்றால் அவளுடைய பிறந்த வீடு சதுப்பு. தென் தாய்லாந்து, மலாயத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ. அங்கே கரையோரமாகப் பரந்துகிடக்கும் கரிச்சதுப்புக் காடுகள்தான் இவளுடைய ஊர். ஆயிரக்கணக்கான வருஷமாக விழுந்த இலையும் மரமும் நீரில் மட்காமல் பஞ்சுபோல் அடுக்கடுக்காகத் தேங்கிய நிலம். தண்ணீர் பால் சேர்க்காத கோப்பி-ஓ நிறத்தில் இருக்கும், புளிப்பாகவும் இருக்கும். அந்தச் சேற்றில் காற்று இல்லை. அதனால் இந்தப் பனை சில வேர்களை மேல்நோக்கி நீட்டி மூச்சு வாங்குகிறது. தொட்டி ஒன்றின் ஓரத்தில் விரல் விரலாக எழும்பி நின்ற வேர்களை அண்ணன் காட்டினார். மேக்கப் கலையாத நடிகை இடுப்பு வரை சேற்றில் இறங்கி நாற்று நடுவதைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. இவள் இனத்தில் மற்றவை எல்லாம் கிழக்கே நியூகினி பக்கம், அதைச் சுற்றிய தீவுகளில். இந்தப் பக்கம் குடியேறியது இவள் ஒருத்திதான்.

அங்கே நின்றபடிதான் என் பாவத்தை ஒப்புக்கொண்டேன்.

ஈப்போவில் அம்மா வீட்டுக்கு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு அரக்குப்பனை வாங்கிக் கொடுத்தேன், வேறொரு கடையில். வாங்கும்போது தக்காளிச் சிவப்பு. ஆறு மாதத்தில் புது ஓலைகள் வெளிறி மஞ்சளாக வந்தன. நரம்பு மட்டும் பச்சை. அம்மா உரம் போட்டார், இன்னும் மஞ்சள். ஒரு வருஷத்தில் போய்ச் சேர்ந்தது. போனில் இருந்த பழைய படத்தை அண்ணனுக்குக் காட்டினேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். செடியை அவர் பார்க்கவில்லை, தொட்டியின் மேற்பரப்பைத்தான் பார்த்தார்.

"இதென்ன வெள்ளையா?"

"மார்பிள் கல்லுண்ணே. அழகுக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கோழிகள் ஓடின. ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகள் எல்லாம் சுண்ணாம்புக் கல். அங்கே பளிங்குச் சில்லுக்குப் பஞ்சமே இல்லை. பளிங்கும் சுண்ணாம்பின் பிள்ளைதான். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் அது துளித்துளியாகக் கரைந்து மண்ணின் புளிப்பை முறித்துக்கொண்டே இருந்திருக்கிறது. புளிப்புப் போனால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் இழுக்க முடியாது. அதனால்தான் புது ஓலையில் மஞ்சள். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவளைப் பிடித்து வந்து தினமும் சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம். மூத்த ஓலையில் மஞ்சள் புள்ளி விழுந்தால் அது பொட்டாசியக் குறை, ஓலையின் ஓரம் மட்டும் மஞ்சள் பட்டையாக ஓடினால் மக்னீசியக் குறை, அதற்கு எப்சம் உப்பு கொஞ்சம் போதும் என்றார். மஞ்சள் எந்த ஓலையில் என்று பார்க்காமல் உரப் பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாதாம். அவருடைய மண் கலவை கரிச்சதுப்பு மண், தென்னை நார், உமிக்கரி, கொஞ்சம் மணல். அளவு கேட்டேன். கையால் பிசைந்து காட்டினார். பிரியாணிக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் மாமிகள் செய்வார்களே, அதே சைகை.

கொட்டகையின் மறுகோடியில் இன்னொரு பகுதி, கறுப்பு வலைக்குக் கீழே. அங்கே நின்ற செடிகளைப் பார்த்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது. ஓலை நுனியெல்லாம் கருகி, ஒன்றிரண்டு சாய்ந்து. ஆஸ்பத்திரி வார்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் லாபிகளுக்கு வாடகைக்குப் போய்வந்தவை. ஏர்கோனின் வறட்டுக் குளிரில் இரண்டு வாரம் நின்றாலே இவளுக்கு முகம் வாடிவிடும். அதனால் இந்த நர்சரிக்காரர்கள் ரகசியமாக ஆள் மாற்றுகிறார்கள். இரவில் லோரி போகும். களைத்த செடி இறங்கும், தெளிந்த செடி ஏறும். தொட்டி அதே தொட்டி, உயரமும் ஏறக்குறைய அதே. விருந்தாளிகளுக்கு ஒன்றும் தெரியாது. போன மாதம் கல்யாண வரவேற்பில் நான் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவள் இங்கே வலைக்கடியில் இரட்டை வேடத்தை முடித்துவிட்டு இளைப்பாறுகிறாளோ என்னவோ. பத்து டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களில் இவளை வெளியில் வைக்கவே முடியாது. குளிர்நாட்டுப் பனைப் பித்தர்கள் கண்ணாடி வீடு கட்டி, ஹீட்டர் போட்டு, ஈரப்பதம் அளந்து தாலாட்டுகிறார்கள். நமக்கு இவள் சாலையோரத்துக்காரி. சிங்கப்பூர்க்காரர்கள் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள். 1859லிருந்து இருக்கும் தங்கள் தாவரவியல் பூங்காவுக்கு இவளையே சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு லோரி வந்தது. ஒரு புதர் கிள்ளானுக்குப் போகிறது. உற்சாகத்தில் உதவி செய்யப்போய், தூக்குவதற்கு வாகாகத் தெரிந்த சிவப்புப் பகுதியில் கை வைத்துவிட்டேன்.

"ஐயோ, அதத் தொடாத தங்கச்சி!"

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். அந்தச் சிவப்பு, தண்டு இல்லை. ஓலைகளின் அடிமட்டை ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு குழாயாக நிற்கிறது, கமுகில் பாளை விரியுமுன் பச்சையாக இருக்குமே, அதே இடம். அதற்குள்தான் அந்தத் தண்டின் ஒரே குருத்து இருக்கிறது. குருத்து நசுங்கினால் அந்தத் தண்டு முடிந்தது, பக்கத்தில் இன்னொரு கண் விட்டு வளர்வதெல்லாம் அந்தத் தண்டுக்குக் கிடையாது. கீறல் விழுந்தாலும் ஆறாது. மட்டை உதிரும்வரை தழும்போடுதான் நிற்கும், வாங்க வந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். ஆகவே லோரியில் ஏற்றுமுன் ஒவ்வொரு சிவப்புக்கும் பழைய நாளிதழை நாலைந்து சுற்றுச் சுற்றி, வாழைநாரால் தளர்த்திக் கட்டுகிறார்கள். ஒரு தண்டில் சுற்றியிருந்த தாள் தெரிந்த முகமாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஞாயிறு மலரில் நான் எழுதிய கட்டுரையின் இரண்டாம் பக்கம்! என் எழுத்து யாருக்காவது பயன்பட்டிருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு இனி என்னிடம் பதில் உண்டு.

எல்லாவற்றையும்விட நான் காத்திருந்தது கடைசியில் நடந்தது. பின்வேலி ஓரம் ஒரு கிழப் புதர், இருபது அடி இருக்கும், அந்தத் தோட்டத்துத் தாய்களில் மூத்தவள். அதில் தலை உயரத்திலிருந்த இளந்தண்டு ஒன்றில் அடி ஓலை காய்ந்து தொங்கியது. மட்டையின் சிவப்பு மங்கி, காகிதம்போல் விடைத்து, பின்பக்கம் நெடுகக் கீறியிருந்தது. அண்ணன் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். "வந்துரும். நீயே எடு. இழுக்காத. தானா வரணும். வராட்டி விட்டுரு, அடுத்த வாரம் வரட்டும்." அவசரப்பட்டு உரித்தால் உள்ளே இருப்பது இன்னும் வெயில் படாத வெளிறின தோல், வெந்துபோகும்.

இரண்டு கையாலும் பிடித்தேன். மூச்சுவிடவில்லை. சர்க் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், மட்டை முழுதாக என் கையில். அடியில் தெரிந்த சிவப்பை எப்படிச் சொல்ல? அதுவரை பார்த்ததெல்லாம் பழைய பெயின்ட். இது ஈரம் காயாத குங்குமம். அதற்குக் கீழே இப்போதுதான் வெளிச்சம் பார்த்த பச்சைத் தண்டு, மட்டை ஒட்டியிருந்த இடத்தில் பழுப்பாக ஒரு புது வளையம். இவள் வயதை எண்ணிச் சேர்க்கும் வளையல்களில் இன்னொன்று. அந்த வளையத்துக்கு மேல், தண்டோடு ஒட்டிக்கொண்டு, படகு கவிழ்ந்த மாதிரி சப்பையாக ஒரு மொட்டு.

"பூ!" என்று கத்திவிட்டேன்.

பாளைதான். ஓலை விழுந்த இடத்தில்தான் இவள் பூப்பாள். விரிந்து கிளைத்துக் காய்க்கும்போது அந்தக் காம்புகளும் சிவந்துவிடுமாம், அவற்றில் கறுகறுவென்று பழங்கள். தேனீக்கள் மொய்க்கும்போது இன்னொரு நாள் வா என்றார் அண்ணன். உரித்த மட்டையைக் கீழே போட மனசில்லாமல் கார் டிக்கியில் வைத்துக்கொண்டேன். (இப்போது என் எழுத்து மேஜையில் இருக்கிறது. சுருங்கி, மண்சட்டி நிறமாகிவிட்டது. அரக்குப் புடவை கலர். அம்மாவிடம் காட்ட வேண்டும்.)

கிளம்பும்போது பெரிய செடி ஒன்று கேட்டேன். பர்ஸை நினைத்து நடுத்தரம் கேட்டேன். கடைசியில் அண்ணன் பொலிபேக்கில் ஒரு கன்றை நீட்டினார். இரண்டு இலை. முழுப் பச்சை. "அம்மாவுக்குக் குடு. மார்பிள் போட வேணாம்னு சொல்லு. தண்ணித் தொட்டியில நிறுத்தி வைக்கச் சொல்லு."

அங்கேதான் சிக்கல். நம் நாட்டில் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால் 1975ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று கதவைத் தட்டும். சுகாதார அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அபராதச் சீட்டைக் கிழித்துவிட்டுப் போவார். டெங்கிக்குப் பயந்து பூ ஜாடித் தண்ணீரைக்கூடத் தினமும் கொட்டும் அம்மாவிடம் போய், அம்மா, இந்தச் செடிக்குத் தண்ணீர் தேங்கியே இருக்கணும் என்று எப்படிச் சொல்ல? அண்ணன் ஒன்றும் பேசாமல் ஒரு வாளியிலிருந்து பிளாஸ்டிக் பையில் நாலு கப்பி மீன்களை அள்ளிக் கட்டிக் கொடுத்தார். அத்தனை கறுப்புத் தொட்டிகளிலும் கொசுப்புழு தின்னும் காவல்காரர்கள் அவர்கள்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஈப்போவுக்குப் போகும் வழியெல்லாம் கன்று முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்துவந்தது. மீன்கள் என் தே தாரேக் கோப்பைக்குப் பக்கத்தில். அம்மா வாசலில் நின்று கன்றை மேலும் கீழும் பார்த்தார். "எங்கடி சிவப்பு?" என்றார். வயசு வரலை என்றேன். பளிங்குக் கற்களை அன்றே பொறுக்கி எடுத்து சாமி மாடத்தில் அடுக்கிவிட்டார். நான் குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டின பிளாஸ்டிக் பேசின் ஒன்று ஸ்டோர் ரூமிலிருந்து வந்தது. கன்று அதில் நிற்கிறது. மழைத்தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறாராம்.

நேற்றுக் காலை போன். குரலில் அவ்வளவு பரபரப்பு. மூன்றாவது இலை விட்டுவிட்டதோ என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

"அடியே, மீனு குட்டி போட்டிருக்கு!"

எத்தனை என்று கேட்டேன். எண்ணவிடாமல் ஓடுகிறதாம்.